பிஎச்.டி.க்கு அப்புறம்: போஸ்ட்டாக்கா, கம்பெனி வேலையா?

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் நிற்கும்போதுதான் பலருக்கும் வேலை பற்றிய யோசனையே வருகிறது. பல்கலைக்கழகப் பணிக்கு அது பெரும்பாலும் தாமதம். கம்பெனி வேலைக்கு அவ்வளவு தாமதமில்லை. அதனால் சம்பளம், கௌரவம் எல்லாவற்றுக்கும் முன்னால் காலக்கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆசிரியர் பணிக்கான அறிவிப்பு பல நாடுகளில், வேலையில் சேரும் தேதிக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே வந்துவிடுகிறது. பரிந்துரைக் கடிதம், ஆய்வுத் திட்டம், நேர்காணல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். கம்பெனிகள் ஆள் தேவைப்படும்போது தேடுவார்கள். தேர்வானால் சீக்கிரமே வந்து சேரச் சொல்வார்கள். ஆகவே ஒரு பக்கம் விண்ணப்பத்தையே முன்கூட்டிப் போட வேண்டும். இன்னொரு பக்கம் முன்கூட்டிச் செய்ய வேண்டியது ஆட்களோடு பழகுவது.

சரி, போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பின் சில காலம் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி? இயற்கை அறிவியல் துறைகளில் பேராசிரியராக வேண்டும் என்றால் அதைத் தவிர்ப்பது கடினம். ஆனால் வேறு எதுவும் தோன்றவில்லை என்பதற்காகச் சேர்வதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்க உயிர்மருத்துவத் துறையை வைத்து பொருளாதார ஆய்வாளர்கள் ஷுலமிட் கான், டோனா கிந்தர் இருவரும் 2017இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். போஸ்ட்டாக் செய்தவர்கள், செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், முதல் 15 வருட வருமானத்தில் 17 முதல் 21 சதவீதம் வரை இழந்திருந்தார்கள். ஆசைப்பட்ட வேலைக்காக அந்த விலையைக் கொடுக்கலாம். குழப்பத்துக்காகக் கொடுக்கக் கூடாது.

போஸ்ட்டாக்கிலும் இரண்டு வகை. ஒரு பேராசிரியரின் திட்டப் பணத்தில் சேர்ந்தால் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் ஆய்வுக் கேள்வி அவருடையது. சொந்தமாக ஃபெலோஷிப் (உங்கள் பெயரிலேயே வரும் ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் கேள்வி உங்களுடையது, அடுத்த விண்ணப்பத்தில் அதற்குத் தனி மதிப்பும் உண்டு. முடிந்தவர்கள் இரண்டாவதற்கே முயலுங்கள். விதிமுறையை மட்டும் வரிவரியாகப் படியுங்கள். உதாரணமாக, ஐரோப்பாவின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா-கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பில், போகவிருக்கும் நாட்டில் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தகுதியில்லை. பிஎச்.டி. முடித்த நாட்டிலேயே தொடர நினைப்பவர்கள் பலர் இங்கேதான் கழன்றுவிடுகிறார்கள்.

வேலை தேடும் இணையதளங்களுக்கு வருவோம். கல்விப் பணிக்கு ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்ஸஸ், கணிதத்துக்கு மேத்ஜாப்ஸ், பொதுவாக நேச்சர் கரியர்ஸ். மின்னஞ்சல் அறிவிப்பு வசதி இருக்கும் தளத்தில் அதை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். எந்தத் திசை என்றே தெரியாதவர்களுக்கு இவை உதவாது. அவர்களுக்கு வழிகாட்டும் தளங்கள் வேறு: அறிவியல் என்றால் 2012இல் வந்த மைஐடிபி; இலக்கியம், வரலாறு, சமூக அறிவியல் போன்ற துறைகள் என்றால் இமேஜின்பிஎச்டி. இரண்டும் உங்கள் திறமை, விருப்பம், மதிப்பு ஆகியவற்றைக் கேட்டு, பொருந்தக்கூடிய துறைகளைக் காட்டும். காப்புரிமை, அறிவியல் பதிப்பு, கொள்கை வகுப்பு போன்றவை பலருக்கு முதன்முதலாகக் கண்ணில் படுவதே இங்கேதான்.

லிங்க்ட்இன்னில் வேலை விளம்பரத்தைவிட எனக்குப் பிடித்தது பல்கலைக்கழகப் பக்கத்தில் இருக்கும் முன்னாள் மாணவர் பகுதி. உங்கள் துறையில் படித்தவர்கள் இன்று எங்கே, என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று வடிகட்டிப் பார்க்கலாம். அதில் ஒருவரிடம் இருபது நிமிடம் கேளுங்கள். வேலை இருக்கிறதா என்று கேட்காமல், போன வாரம் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்கள்.

கடைசியாக, காகிதம். கல்விப் பணிக்கான சி.வி. எத்தனை பக்கமும் போகலாம். கட்டுரைப் பட்டியல்தான் அதன் உயிர். கம்பெனிக்கான ரெஸ்யூம் ஓரிரு பக்கம். "புரத மடிப்பு குறித்து மூன்று கட்டுரைகள்" என்ற வரி முதலாவதில் பேசும், இரண்டாவதில் பேசாது. அங்கே அதே உழைப்பை இப்படி எழுதுங்கள்: "இரண்டு நாள் பிடித்த தரவுச் சுத்திகரிப்பை பைத்தான் நிரலில் தானியங்கியாக்கி ஒரு மணி நேரமாகக் குறைத்தேன், ஆய்வகம் முழுவதும் இன்று அதைத்தான் பயன்படுத்துகிறது." உண்மையில் செய்ததை மட்டும் எழுதுங்கள், நேர்காணலில் முதல் கேள்வியே அந்த வரியைப் பற்றி வரலாம்.