சிவிக்கின் பின்பக்கத்தில் அட்ஜஸ்டபிள் ஆர்ம்: 41,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

என்னுடையது 2009 மாடல் ஹோண்டா சிவிக், 1.8 பெட்ரோல். கோவையிலிருந்து மாதம் ஒரு முறையாவது வால்பாறைக்கோ கோத்தகிரிக்கோ ஏறும் வண்டி. பழைய ஸ்பிரிங் தளர்ந்துபோனதும், உயரத்தை 30 மி.மீ. குறைக்கும் ஸ்பிரிங் வாங்கிப் போட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பியது, எனக்கும் அவ்வளவு சந்தோஷம். 14,000 கிலோமீட்டரில் டயர் ரொடேஷனுக்குக் கழற்றினார்கள். வெளியே நின்று பார்த்தால் பின் டயர் இரண்டிலும் பட்டன் (ரோட்டில் படும் மேல்பகுதியின் கட்டங்கள்) நன்றாகவே இருந்தது. உள்ஓரத்தில் கையை விட்டுத் தடவியபோது கம்பி நுனி விரலில் குத்தியது.

சிவிக்கின் பின்பக்கம் டபுள் விஷ்போன் வகை, அதாவது சக்கரத்தை வண்டியோடு மேலும் கீழும் ஆர்ம் எனும் இணைப்புக் கம்பிகள் பிடித்திருக்கும். உயரம் குறைந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்துவிடும். அதைத்தான் நெகட்டிவ் கேம்பர் என்கிறோம். பின்பக்க டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தைத் திருத்துவதற்குக் கம்பெனியே ஒரு கேம் போல்ட் வைத்திருக்கிறது; அதைச் சுற்றினால் கோணம் மாறும். கேம்பரைத் திருத்தத்தான் வழி இல்லை. அதனால் மேல் ஆர்மை எடுத்துவிட்டு நீளத்தை மாற்றக்கூடிய ஆர்ம் போட வேண்டியிருந்தது. நான் வாங்கியதில் நடுவே ஒரு குழாய், இரண்டு முனையிலும் போல்ட் நுழையும் ரப்பர் உருளை, அதாவது புஷ். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை, இரண்டுக்கும் குழாய் சுற்றாமல் பிடிக்கத் தனித்தனி லாக் நட். ஆர்மைக் கழற்றாமலே குழாயைச் சுற்றி நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

மாட்டியவுடன் 3டி அலைன்மென்ட் மெஷினில் பார்த்தோம். மைனஸ் 2.5 டிகிரியில் இருந்த கேம்பர் இரண்டு பக்கமும் மைனஸ் 1.3க்கு வந்தது. ஆயிரம் கிலோமீட்டர் போவதற்குள் ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் பிடித்தால்தான் வண்டி நேராகப் போனது. முன்சக்கரம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து முன்பக்கம் மட்டும் அலைன்மென்ட் செய்தேன். இரண்டே வாரத்தில் மறுபடி அதே கதை. பின்சக்கரத்தின் டோ மாறினாலும் ஸ்டியரிங் கோணலாகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் அளந்தபோது வலப்பக்கக் கேம்பர் மைனஸ் 1.9, கூடவே டோவும் நகர்ந்திருந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் சிங்காநல்லூர்ப் பக்கம் சின்ன ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். வண்டிக்கு அடியில் போய் டார்ச் அடித்துப் பார்த்தவர், "இந்த நட்டு கையாலேயே சுத்துதுங்ண்ணா" என்றார். இடது மரைப் பக்கத்து லாக் நட். முதலில் மாட்டியவர்கள் அதையும் வழக்கமான திசையிலேயே இறுக்கியிருக்கிறார்கள். இடது மரையில் அப்படிச் சுற்றினால் நட் கழலத்தான் செய்யும். பிடிப்பு இல்லாத குழாய் ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குப் பெரிய பாடம். "புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது டைட் பண்ணாங்களா, வண்டி தரையில நிக்கும்போதா?" தொங்கும்போதுதான். நான் பக்கத்திலேயே நின்று பார்த்திருந்தேன். அப்படி இறுக்கினால் தரையில் இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஓடினாலும் நின்றாலும் அந்த முறுக்கு விடாது, சீக்கிரம் கிழியும். என் வலப்பக்கப் புஷ்ஷில் விளிம்பைச் சுற்றி வெடிப்பு ஓடியிருந்தது. புது புஷ் போட்டோம்.

அன்று அவர் வேலை செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு பிடித்து இறுகாமல் இருக்க ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவினார். வண்டியை நான்கு சக்கரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை அமுக்கி விட்டு உட்கார வைத்தார். அப்புறம்தான் புஷ் போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார். நான்கு டயரிலும் காற்றைச் சமமாக்கி, முதலில் பின்பக்கக் கேம்பர், அடுத்து பின்பக்க டோ, கடைசியில் முன்பக்கம் என்று வைத்தார். கேம்பரைத் தொட்டால் டோ தானாக மாறும், அதனால் இந்த வரிசை மாறக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் நட்டின் மேலிருந்து குழாய் வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார்.

அந்தக் கோடுதான் இன்றுவரை எனக்குக் காவல். டயரில் காற்றுப் பிடிக்கும் நாளில் குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். கோடு உடையாமல் நேராக இருந்தால் நட் நகரவில்லை. இரண்டரை வருடம், 41,000 கிலோமீட்டர் ஆகிறது, ஒரு முறைகூட உடையவில்லை. முதல் ஆயிரத்தில் கேம்பர் 0.1 டிகிரி மாறியது. புது ரப்பர் பதியும்போது அது சகஜம். அதற்குப் பிறகு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்க்கிறேன். பின்பக்கத்தில் ஒரே ஒரு தடவைதான் கை வைக்க வேண்டி வந்தது, அதுவும் பொள்ளாச்சி ரோட்டில் இடது பின்சக்கரம் பெரிய குழியில் இறங்கிய பிறகு. அன்றும் ஆர்ம் அசையவில்லை, டோ கேம் போல்ட்தான் நகர்ந்திருந்தது.

இதே ஆர்ம், ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் உலோக உருண்டை மூட்டான ரோஸ் ஜாயின்ட் வைத்தும் கிடைக்கிறது. வளைவில் இன்னும் கூர்மையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் நண்பர் வண்டியில் மழையும் புழுதியும் பட்டு ஒரே வருடத்தில் வேகத்தடைக்கு வேகத்தடை டொக் டொக் என்று சத்தம். ஜாயின்ட்டில் ஆட்டம் வந்த பிறகு என்ன அளவு வைத்தாலும் நிற்காது. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு ரப்பர் புஷ்ஷே போதும் என்பேன்.

உயரம் குறைக்காத வண்டிக்கு இது தேவையே இல்லை, காசு வீண். குறைத்திருந்தால், ஆர்ம் விலையோடு இரண்டு அலைன்மென்ட் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்: மாட்டிய அன்று ஒன்று, ஆயிரம் கிலோமீட்டரில் இன்னொன்று. இப்போது பின்னால் ஓடும் டயர்கள் 29,000 கிலோமீட்டர் கண்டவை. போன ஞாயிற்றுக்கிழமை கழற்றி மூன்று இடத்தில் பட்டன் ஆழம் அளந்தேன். உள்ஓரம் 4.1, நடு 4.4, வெளிஓரம் 4.5 மி.மீ.