ஓராண்டுக் குழுவா, முழுக்காலக் குழுவா?

எங்கள் ஊழியர் சங்கத்தில் கணக்கு மேற்பார்வைக் குழு அமைக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். புதிதாக யோசிப்பானேன் என்று நாடாளுமன்றங்களைப் புரட்டினேன். கடைசியில் கையில் நின்றவை இரண்டு: அரசு செலவழித்த பணத்தைத் தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும், எம்.பி.க்கள் அடங்கிய இந்தியாவின் பொதுக் கணக்குக் குழு, அதே பெயரில் பிரிட்டனில் இருக்கும் குழு. நான் பிரிட்டன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

இரண்டிலும் தலைவர் எதிர்க்கட்சிக்காரர்தான். இந்தியாவில் 1967 முதல் அது மரபு. பிரிட்டனில் அவை விதியே அப்படி. இதில் பேச ஒன்றுமில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இந்தியா ஒன்றும் மட்டமில்லை. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். ஒற்றை மாற்று வாக்கு முறை, அதாவது ஆளுக்கு ஒரு வாக்கு, அதில் விருப்ப வரிசை எழுதலாம், ஒருவருக்குத் தேவைக்கு மேல் விழுந்தது வரிசையில் அடுத்தவருக்குப் போகும். 543 பேரும் வாக்களித்தால் 34 வாக்கு பெற்றவருக்கு ஓர் இடம் உறுதி, ஆகவே சின்னக் கட்சிகள் கைகோத்தால் உள்ளே வந்துவிடலாம். தலைவரை மட்டும் சபாநாயகர் நியமிக்கிறார். பிரிட்டனில் 2010 முதல் தலைவரை மொத்த அவையும் ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கிறது; உறுப்பினர்களை அந்தந்தக் கட்சிக்குள் வாக்கெடுத்து அனுப்புகிறார்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது பதவிக்காலம். இந்தியக் குழுவின் ஆயுள் ஓராண்டு. தணிக்கை அறிக்கை என்பது ஒரே மூச்சில் படித்து மூடிவைக்கிற சமாச்சாரமா? அதில் ஒரு பத்தியைப் பிடித்து, துறைச் செயலாளரை அழைத்து, கோப்பு கேட்டு, பரிந்துரை எழுதவே மாதங்கள் ஓடும். அப்புறம் எடுத்த நடவடிக்கையைச் சொல்ல அரசுக்கு ஆறு மாத அவகாசம். பதில் வரும்போது, கேள்வி கேட்டவர் குழுவிலேயே இல்லாமல் போகலாம்.

அதே ஆட்களை மறுபடி அனுப்பலாமே என்றால், அனுப்புகிறார்கள்தான். அதிர் ரஞ்சன் சௌத்ரி 2019 முதல் 2024 வரை தலைவராகத் தொடர்ந்தார். ஆனால் பல நேரம் கட்சிகள் பேசிவைத்துப் போட்டியின்றியே பட்டியல் முடிந்துவிடுவதால், தொடர்வதும் தொடராததும் கட்சித் தலைமையின் கையில். சொந்தக் கட்சி அமைச்சகத்தைக் குடைந்தவருக்கு அடுத்த ஆண்டு இடம் கிடைக்குமா என்ற யோசனை இருக்கத்தானே செய்யும்? பிரிட்டனில் பொதுவாக அந்த நாடாளுமன்றம் கலையும்வரை இடம் நிலைக்கும். மார்கரெட் ஹாட்ஜ் 2010 முதல் 2015 வரை, ஆண்டுதோறும் யார் தயவையும் நாடாமல், தலைவராக இருந்தார்.

சரி, நாங்கள் எழுதியது இதுதான்: ஐந்து பேர், மூன்று ஆண்டு, தலைவருக்கு எல்லா உறுப்பினர்களும் ரகசிய வாக்கு, நிர்வாகிகள் யாரும் குழுவில் கூடாது. மூன்று ஆண்டு பழகினால் குழுவும் பொருளாளரும் தோழர்களாகிவிட மாட்டார்களா என்று ஒருவர் கேட்டார். நியாயமான பயம்தான், ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது, என்னால் இன்னும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் முதல் ஆண்டில் மண்டப வாடகை ரசீது ஒன்றைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் வர எட்டு மாதமானது. கேட்ட அம்மாவே அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதில் தேதி எங்கே?" என்று திருப்பி அனுப்பினார்.