குளக்கரையின் வெளிப்பக்கம் சிமெண்ட் அடித்துத் தருபவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்

கோலாலம்பூரைச் சுற்றி ரவாங், உலு லங்காட், செமினி பக்கங்களில் ஓடையை மண்கரையால் மறித்த சின்னத் தனியார் குளங்கள் உண்டு. தூண்டில் போடவும் குடும்பத்தோடு பொழுது போக்கவும் ஆட்கள் வருகிற இடங்கள். இவற்றை நடத்துகிறவர்களைத் தேடி ஒரு கட்டுமானக் குத்தகையாளர் வருகிறார். “கசிவை நிறுத்தி, அணைப் பாதுகாப்புச் சான்றிதழும் தருகிறோம்” என்கிறார். எங்கள் நிர்வாகக் குழு பார்த்துக்கொள்ளும் குளத்தில் 38,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு அவர் செய்த வேலை கீழே. பெயர் போடவில்லை. வேலையைப் பார்த்தாலே ஆளை அடையாளம் தெரியும்.

கரை 4 மீட்டர் உயரம். அடியில் 300 மி.மீ. வடிகுழாய். குழாய் வெளியே வரும் இடத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. அவர் வெளிச்சரிவு முழுக்கக் கம்பிவலை கட்டி, 75 மி.மீ. கனத்துக்குச் சிமெண்ட் கலவையைப் பீய்ச்சி அடித்தார். கசிவு நின்றது, கையோடு பணமும் போனது. சில வாரங்களில் ஈரம் இன்னும் மேலே, சிமெண்ட் முடியும் ஓரத்தில் தலைகாட்டியது. இப்போது வருவது கலங்கல் நீர்.

மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். தெளிந்த நீராக, ஒரே அளவில் கசிந்தால் கண்காணித்தால் போதும். நீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறதா என்பதுதான் கேள்வி. வெளிப்பக்கத்தை அடைத்தால் உள்ளே வரும் நீர் நிற்பதில்லை, வெளியேறும் வழிதான் அடைபடுகிறது. கரைக்குள் நீர்மட்டம் ஏறுகிறது, மண் ஊறிப் பிடிமானம் இழக்கிறது. அழுத்தம் கூடிய நீர் பலவீனமான வேறு இடத்தைத் தேடி, மண் துகளை ஒவ்வொன்றாக அரித்து, உள்ளுக்குள்ளேயே சுரங்கம் போடுகிறது. நீர் ஊறிய சரிவு என்ன செய்யும் என்பதை உலு கிள்ளான் 1993 டிசம்பர் 11 அன்று பார்த்தது. மண் சரிந்து, ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். அங்கும் கெட்டுப்போன வடிகால் பெரிய காரணம்.

கசிவுக்கு வெளியிலிருந்து செய்யக்கூடியது நீரை விட்டு மண்ணை மட்டும் பிடித்து வைப்பது. ஈரமான இடத்தின் மேல் முதலில் கழுவிய கரடு மணல், அதன் மேல் 10 முதல் 20 மி.மீ. சரளை, அதற்கும் மேல் பாரத்துக்குக் கல். மணலில் களி கலந்திருந்தால் அதுவே அடைப்பாகிவிடும். பழைய ஈயச் சுரங்கக் குட்டை மணலை மலிவாகக் கிடைக்கிறது என்று கழுவாமல் கொட்டாதீர்கள்.

குழாயையும் தொடாமல் விட்டாரில்லை. மேல்முனையில் இருந்த வால்வைக் கழற்றி, “திறக்க வசதி” என்று கீழ்முனையில் மாட்டினார். வசதிதான். ஆனால் மூடியிருக்கும் நேரமெல்லாம் கரைக்குள் கிடக்கும் குழாயில் முழு அழுத்தம். ஒரு இணைப்பு விட்டால் நீர் நேராகக் கரையின் வயிற்றுக்குள் பாயும். வால்வு குளத்துப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமான வேலையை இலவசமாகச் செய்து தந்தார். மீனுக்கு ஆழம் கூடட்டும் என்று, மிகை நீர் வழிந்தோடும் கலிங்கின் விளிம்பில் 30 செ.மீ. கல் வைத்துக் கட்டினார். முன்பு விளிம்புக்கும் கரையின் உச்சிக்கும் இடையே 60 செ.மீ. இருந்தது, இப்போது பாதி. கலிங்கின் அகலம் 4 மீட்டர். நீர் விளிம்புக்கு மேல் 60 செ.மீ. எழும்பினால் நொடிக்கு ஏறத்தாழ 3 கன மீட்டர் போகும். 30 செ.மீ. என்றால் 1.1தான். உயரம் பாதியானால் நீர் பாதியாவதில்லை, மூன்றில் ஒரு பங்காகிவிடும். இங்கே மாலை மழை கொஞ்ச நேரத்துக்கு மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டுவது சாதாரணம். 20 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பிலிருந்து அப்போது நொடிக்கு 3 கன மீட்டருக்கு மேல் வரலாம். போதாததற்கு மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் கம்பிவலை. ஆகாயத்தாமரை வந்து மோதினால் அந்த 1.1ம் இல்லை. மண்கரை மேல் நீர் வழிய ஆரம்பித்தால் அதை நிறுத்த ஆள் கிடையாது.

சான்றிதழோடு இணைத்திருந்த மண் இறுக்கச் சோதனை அறிக்கையில் இருந்தது வேறொரு வீடமைப்புத் திட்டத்தின் பெயர். கையெழுத்துப் போட்டவர் பதிவு பெற்ற பொறியியலாளரே இல்லை. குத்தகையாளரை சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவேட்டிலும், கையெழுத்திடுபவரை மலேசியப் பொறியியலாளர் வாரியப் பதிவேட்டிலும் வேலைக்கு முன்பே தேடிப் பாருங்கள். இணையத்தில் சில நிமிட வேலை. முன்பணமாக 70 விழுக்காடு கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 5 விழுக்காட்டைப் பிடித்து வைத்து, 12 மாதக் குறைதீர்ப்புக் காலம் முடிந்தபின் கொடுப்பது இங்கே வழக்கம்.

இதே ஆள் உங்கள் குளத்திலும் கை வைத்திருந்தால் முதலில் கலிங்கில் கட்டிய கல்லையும் வலையையும் எடுங்கள். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், நீர்மட்டத்தை ஒரு நாளில் 30 செ.மீ.க்கு மேல் குறைக்காதீர்கள். வேகமாக வடித்தால் நீர் ஊறிய உட்சரிவு வழுக்கிக் குளத்துக்குள் விழும். கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயால் கரையின் உச்சி நெடுக அளந்து, தாழ்ந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கசிவு நீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஓரிரவு வைத்தால் அடியில் வண்டல் தங்குகிறதா என்பது தெரியும். எவ்வளவு கசிகிறது என்று அளக்க, ஓடும் கசிவு நீருக்குக் குறுக்கே நிறுத்தும் 90 பாகை முக்கோண வெட்டுப் பலகை போதும்: வெட்டில் 5 செ.மீ. எழும்பினால் நொடிக்கு முக்கால் லிட்டர், 10 செ.மீ. என்றால் 4 லிட்டருக்கு மேல். மழை இல்லாத நாளிலும் அது ஏறிக்கொண்டே போனால், அல்லது நீர் கலங்கினால், கரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கும் மாவட்ட ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) அலுவலகத்துக்கும் அன்றே சொல்லுங்கள்.

சிமெண்டை மட்டும் அவசரப்பட்டு உடைக்க வேண்டாம். நீர்மட்டம் இறங்கி, பொறியியலாளர் வந்து பார்த்த பிறகு, கரையடியிலிருந்து சிறு துண்டுகளாக எடுத்து, திறந்த இடத்தில் உடனுக்குடன் மணலும் சரளையும் போட்டுக்கொண்டே மேலே போக வேண்டும்.