சைலேஜா, உலர்புல்லா: மாட்டுக்கு எதைச் சேமிப்பது?

பசும்புல் மிஞ்சிக் கிடக்கும்போது அறுத்துச் சேமித்தால்தான் வறண்ட மாதங்களில் மாடு வயிறு நிறையத் தின்னும். வெயிலில் காயவைத்து உலர்புல்லாக்கலாம். இல்லையென்றால் காற்றுப் புகாமல் அடைத்து சைலேஜ் ஆக்கலாம். எது மேல் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கிலோவை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

சைலேஜில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். 10 கிலோவில் தண்ணீர் போக மிஞ்சும் உலர்பொருள் 3 முதல் 3.5 கிலோதான் தேறும். நன்றாகக் காய்ந்த புல்லில் அதே 10 கிலோவுக்கு 8.5 கிலோ கிடைக்கும். 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 12 கிலோ உலர்பொருள் வேண்டும். வாங்கும்போதும் தொட்டியில் போடும்போதும் இதைத்தான் பார்க்க வேண்டும்.

உலர்புல்லுக்கு எதிரி ஈரம். அது 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கியபின் கட்டி அடுக்குவதுதான் பத்திரம். 20ஐத் தாண்டிய ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும், உள்ளே சூடேறும். ஈரம் மிக அதிகமென்றால் புல் போர் தானாகவே தீப்பற்றவும் கூடும். ஒரு பிடி தண்டை எடுத்து முறுக்கிப் பாருங்கள். படக்கென்று முறிந்தால் சரி, வளைந்துகொடுத்தால் இன்னும் காய வேண்டும். அதற்காக வெயிலிலேயே விட்டுவைக்கவும் கூடாது. குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனத்தில் புரதத்தின் பெரும்பகுதி இலையில்தான் இருக்கிறது. மொறுமொறுவென்று காய்ந்த இலை புரட்டும்போதே உதிர்ந்துவிட, வெறும் தண்டுதான் மிஞ்சும்.

சைலேஜுக்கு வெயிலைப் பற்றிய கவலை குறைவு. மக்காச்சோளமும் சோளமும் இதற்கு அருமையான பயிர்கள். அவற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் உண்டாக்க, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4க்குப் பக்கத்தில் வந்து கெடாமல் நிற்கும். குதிரைமசாலில் சர்க்கரை குறைவு என்பதால் வெல்லப்பாகு சேர்க்காமல் அது எளிதில் கைகூடாது. 2, 3 சென்டிமீட்டராக நறுக்கியதைக் கைப்பிடியில் இறுக்கிப் பிழிந்து விடுங்கள். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். உருண்டை மெல்ல அவிழ்ந்தால் பதம் சரி. அப்புறம் குழியில் போட்டு நன்றாக மிதித்து, காற்றை விரட்டி மூட வேண்டும். திறக்கும்போது புளித்த பழ வாசனை வந்தால் நல்லது. குமட்டும் நாற்றம் வந்தால் சரியாகப் புளிக்கவில்லை.

சிக்கல் குழியைத் திறந்த பிறகுதான். காற்றுப் பட்ட முகப்பு வேகமாகக் கெடும். தினமும் முகப்பு முழுவதிலிருந்தும் ஓர் அடுக்கை எடுத்தே ஆக வேண்டும். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களால் அந்த வேகத்தில் ஒரு குழியைத் தீர்க்க முடியாது. அவர்களுக்கு உலர்புல், இல்லையேல் சிறு பைகளில் கட்டிய சைலேஜ் என்பதே என் கருத்து. மாடு பத்துக்கு மேல் இருந்து, அறுவடை மழைக்காலத்தில் வந்தால் யோசிக்காமல் சைலேஜ் பக்கம் போகலாம். அப்போதும் கொஞ்சம் நல்ல உலர்புல்லை ஒதுக்கிவையுங்கள், இளங்கன்றுகளுக்கு அதுதான் ஏற்றது. சைலேஜைப் பால் கறந்த பிறகு வையுங்கள், முன்னால் வைத்தால் வாசனை பாலில் ஏறும்.

பூஞ்சை பிடித்த பகுதியை நல்லதோடு கலந்து போட்டுத் தீர்ப்பதை மட்டும் செய்யவே வேண்டாம். சரியாகப் புளிக்காத சைலேஜில் லிஸ்டீரியா கிருமி வளரும். அது மூளையைத் தாக்கினால் மாடோ ஆடோ ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழும். பல நேரம் பிழைப்பதில்லை.