கடலில் விழுந்த கிளைடரை என் தலையில் கட்டினார்கள்: பழைய விங் வாங்கப் போகிறவர்கள் படித்துவிடுங்கள்

பழைய பாராகிளைடர் வாங்க யாருக்காவது டோக்கன் பணம் அனுப்பியிருக்கிறீர்களா? மீதியை அனுப்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். எனக்குப் போனது 1,35,000 ரூபாய். அதைக்கூட வேலை பார்த்துச் சம்பாதித்துவிடலாம். அந்த விங்கை, அதாவது பாராகிளைடரின் துணி இறக்கையை, மாட்டிக்கொண்டு கேரளத்து வாகமண் மேட்டில் இருந்து பறக்க ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதுதான் இன்னும் கை நடுங்குகிறது.

எனக்கு ஊர் ஆரல்வாய்மொழி. முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பு வேலை. கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று எங்கள் வீட்டுக் கதவைத் தினமும் தட்டிக்கொண்டே இருக்கும். ஆடி மாதத்தில் மாடியில் காயப்போட்ட துணி முப்பந்தலில்தான் கிடைக்கும் என்பாள் அம்மா. காற்றோடே பிழைக்கிறவனுக்குக் காற்றில் பறக்க ஆசை வந்ததில் அதிசயம் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் சேர்த்து வைத்த லீவை எல்லாம் எடுத்துக்கொண்டு இமாச்சலில் உள்ள பீர் கிராமத்துக்குப் போய்ப் படித்தேன். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த பீர்-பில்லிங் அதுதான். படிப்பு முடிந்தபின் எல்லாரும் போல எனக்கும் சொந்தமாக ஒரு விங் வேண்டும் என்று ஆனது.

புதுசு வாங்கத்தான் முதலில் விசாரித்தேன். ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தில் தொடக்கநிலை தாண்டியவர்களுக்கான ஈஎன் பி வகை விங், உட்காரும் ஹார்னஸ், ஆபத்துக்கான ரிசர்வ் பாராசூட் மூன்றும் சேர்த்து எனக்குச் சொன்ன விலை 4 லட்சத்தை ஒட்டி. பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய அண்ணன் ஒருவர் இதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்ததாகச் சொன்னார். கடைக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. விலை யூரோவில் போடப்படுகிறது. 2015-ல் ஒரு யூரோ 70 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. 2025-ல் 100-ஐத் தாண்டிவிட்டது. ஐரோப்பிய நிறுவனங்கள் பலவும் வியட்நாமில் தைத்து வாங்கினாலும், மடிப்பு மடிப்பாக மனிதக் கை தைக்கும் பொருள்தான் இது. விங்கையும் ஹார்னஸையும் இணைக்கும் மெல்லிய கயிறான லைன் நூற்றுக்கணக்கான மீட்டர், ஒவ்வொன்றுக்கும் மில்லிமீட்டர் கணக்கில் அளவு. அதன் மேல் கப்பல் கூலி, சுங்கவரி, ஜிஎஸ்டி. மாதச் சம்பளக்காரன் எங்கே போவான்? பழசைத் தேடத்தான் போவான்.

பழசு தேடியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. என்னோடு வாகமணில் பறக்கும் நண்பர் பழைய விங்தான் வைத்திருக்கிறார், இரண்டு வருஷமாக ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் பணம் கொடுக்கும் முன் விங்கைச் சோதனைக்கு அனுப்பினார். நான் பணம் கொடுத்தபின் அனுப்பினேன்.

விற்றவர் கோவைப் பக்கம். பறப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் விளம்பரம் போட்டிருந்தார். 2019 மாடல், 60 மணி நேரம்தான் பறந்தது, ஹார்னஸும் ரிசர்வும் சேர்த்து 1,35,000. போன் செய்தேன். இனிக்க இனிக்கப் பேசினார். "வீட்டுல இனிமே பறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க ப்ரோ. அதான் மனசே இல்லாம கொடுக்கறேன். நேத்து பெங்களூர்ல இருந்து ஒருத்தர் கேட்டாரு, நீங்க நம்ம தமிழ் பையன், அதனால உங்களுக்கு வெச்சிருக்கேன்." அந்த 'நம்ம தமிழ் பையன்'-இல் நான் விழுந்தேன். அன்றைக்கே 20,000 டோக்கன் அனுப்பினேன்.

சோதனைச் சான்று கேட்டேன். உடனே போட்டோ வந்தது. தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. சீரியல் எண் இருக்கும் இடத்தில் மட்டும் அவருடைய கட்டைவிரல். தாளைப் பிடித்துப் போட்டோ எடுத்திருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். விங்கின் லேபிளைக் கேட்டதற்கு, "மடிச்சு பேக் பண்ணிட்டேன் ப்ரோ, பிரிச்சா மறுபடி மடிக்க ஒரு மணி நேரம் ஆகும்" என்றார். மீதி 1,15,000-ஐயும் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்சல் வந்தது. கும்பப்பூ அறுவடை முடிந்திருந்த நேரம், சுசீந்திரத்துக்குத் தெற்கே தெரிந்தவர் ஒருவரின் வயல் காய்ந்து கிடந்தது. காலை ஏழு மணிக்கு மெல்லிய காற்று. தரையில் நின்றே விங்கை எழுப்பிப் பழகலாம் என்று விரித்தேன்.

எழவில்லை. எழுந்தாலும் தலைக்கு மேலே வராமல் பின்னாலேயே தொங்கியது. நல்ல விங் இழுத்ததும் சரசரவென்று ஏறித் தலைக்கு மேல் வந்து நிற்கும். இது சேற்றில் இருந்து காலை உருவுகிற மாதிரி வந்தது. என் இழுப்பில்தான் குறை என்று அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க ஓடினேன். கூட வந்த நண்பனின் அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மணக்குடிக்காரர், நாற்பது வருஷம் வள்ளமும் வலையுமாக வாழ்ந்தவர். பாராகிளைடரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறார். கிட்டே வந்து ஒரு லைனைக் கையில் எடுத்தார். விரலில் முறுக்கினார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"லே மக்கா, இது கடல்ல முங்குன கயிறுல்லா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விங்கின் இரண்டு ஓரங்களையும் தூக்கிப் பின்பக்க மூலைக்குத் தட்டினார். உள்ளே இருந்து மணல் கொட்டியது. அரைப்பிடி இருக்கும், அதில் நகக்கண் அளவுக்குச் சிப்பித் துண்டு ஒன்றும். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. என் தோளைத் தட்டிவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உப்புத் தண்ணீர் இந்தத் துணிக்கு எமன். கடலில் விழுந்தால் உடனே நல்ல தண்ணீரில் பலமுறை அலசி நிழலில் காயவைத்து, பிறகு பட்டறையில் காட்ட வேண்டும். அப்படிச் செய்யாமல் மடித்தால் உப்பு துணிக்குள்ளேயே பூத்துக் கிடக்கும். மடிக்கும்போதெல்லாம் அந்தப் படிகம் மேல்பூச்சை அராவும். காற்று புகாமல் தடுப்பதே அந்தப் பூச்சுதான். அது போனால் துணி சல்லடை.

எங்கள் குமரி மாவட்டத்தில் இதைச் சோதிக்கும் இடம் கிடையாது. பீரில் உள்ள ஒரு பட்டறைக்குக் கூரியரில் அனுப்பினேன். போரோசிட்டி மீட்டர் என்று ஒரு கருவி, குறிப்பிட்ட அளவு காற்று துணி வழியாகப் போக எத்தனை விநாடி ஆகிறது என்று காட்டும். புதுத் துணியில் நூற்றுக்கணக்கான விநாடி வரும். 10, 15 விநாடிக்குக் கீழே போனால் அதில் பறக்கக் கூடாது. என் விங்கின் முன்விளிம்பில் வந்தது 7. அடுத்து ஊசியைத் துணியில் குத்தி ஸ்பிரிங் தராசால் இழுக்கும் சோதனை. 600 கிராம் இழுப்பைத் துணி கிழியாமல் தாங்க வேண்டும். பாதியிலேயே கிழிந்தது. பின்பக்க லைன்கள் நாலு சென்டிமீட்டர் வரை சுருங்கியிருந்தன. டைனீமா என்ற இழையில் செய்த லைன் நனைந்து காய்ந்தால் சுருங்கும். முன்பக்க லைன்கள் எப்போதும் எடையைத் தாங்குவதால் அவ்வளவாகச் சுருங்காது. பின்பக்கத்தில் எடை குறைவு, அது சுருங்கி விங்கின் வாலைக் கீழே இழுத்துவிடும். அப்போது விங் மூக்கைத் தூக்கியபடி வேகம் குறைந்து பறக்கும், தூக்குவிசையை இழக்கும் 'ஸ்டால்' நிலையின் விளிம்பிலேயே நிற்கும். துணியும் சல்லடையாக இருந்தால், முன்னே போகாமல் நெட்டுக்குத்தாகக் கீழே இறங்கத் தொடங்கிவிடும். வயலில் அது என் தலைக்கு மேல் வராமல் அடம்பிடித்ததற்கு இதுதான் காரணம். அது வராமல் போனதால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரிசர்வைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விங் மடங்கினால் உயிரைப் பிடித்துக்கொள்ளக் கடைசியாக இருப்பது அது ஒன்றுதான். மரக்கிளையில் ஹார்னஸைத் தொங்கவிட்டு உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தேன். பை வெளியே வந்தது, திறக்கவில்லை. உள்ளே லைன்களைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டுகள் வெயிலில் கிடந்த மிட்டாய் போல உருகி ஒட்டியிருந்தன. மேலே எழுதியிருந்த தயாரிப்பு வருஷம் 2008. வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரித்து மடிக்க வேண்டிய பொருள் இது. பத்து வருஷம் ஆனால் மாற்றிவிடு என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். "ரிசர்வ் ஃப்ரீ ப்ரோ" என்று சொல்லிக் கொடுத்தாரே, அது இதுதான். கிளைடர் விஷயத்தில் அவரை ஓரளவு மன்னித்துவிடுவேன். இதற்கு மாட்டேன். தெரிந்தே ஒருவன் இன்னொருவன் மடியில் இதைக் கட்டி அனுப்ப எப்படி மனசு வரும்?

லேபிளில் சீரியல் எண் கருப்பு மார்க்கரால் அழிக்கப்பட்டிருந்தது. விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் லேசாகத் தெரிந்தது. தயாரிப்பு நிறுவனத்துக்கு அந்த எண்ணை மெயில் செய்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது: அது 2014-ல் செய்த விங். 2019 அல்ல. சான்று வேறு ஏதோ ஒரு விங்குக்கு உரியது.

அவருக்குப் போன் செய்தேன். முதல் நாள், "நீங்க பீச்ல வெச்சு பழகியிருப்பீங்க ப்ரோ, அந்த மணல்தான்" என்றார். இரண்டாம் நாள், "பழசுன்னு சொல்லித்தானே வித்தேன்." மூன்றாம் நாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். காவல் நிலையத்தில், "பொருள் கைக்கு வந்துட்டுல்லா தம்பி, பிறகென்ன" என்றார்கள். சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. பணம் திரும்பும் என்ற நம்பிக்கையும் இல்லை.

எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். சோதனைச் செலவும் போக வரக் கூரியரும் சேர்த்து எனக்குப் பன்னிரண்டாயிரத்துக்குள்தான் ஆனது. முழுப்பணம் கொடுக்கும் முன் அதைச் செய்யச் சொல்லுங்கள், பாதிச் செலவை நீங்கள் ஏற்பதாகவே சொல்லுங்கள். விங் நல்லதாக இருந்தால் விற்பவருக்கு அதில் நஷ்டம் இல்லை. மறுத்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். நேரில் பார்க்க முடிந்தால் நடுப்பகுதியில், மேல்துணியில், முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். துணி முதலில் தேய்வது அங்கேதான். நல்ல துணியில் காற்று போகவே போகாது. ஓர மூலைகளைத் தட்டிப் பாருங்கள். உங்கள் எடையோடு ஹார்னஸ், ரிசர்வ் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, லேபிளில் உள்ள எடை வரம்புக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று அளவு மாறி வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். ரிசர்வ் மட்டும் பழசு வேண்டாம். அதற்குப் புதுசாகவே காசு சேருங்கள்.

பட்டறையில் இருந்து திரும்பி வந்த விங்கை, தரையில் பழக மட்டும் என்று 40,000 கொடுத்து ஒருவர் கேட்டார். தரையில் பழகுகிறவன் ஒருநாள் மேட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான். லைன்களை எல்லாம் அறுத்துவிட்டேன். துணியை நண்பனின் அப்பா வாங்கிக்கொண்டார், மணக்குடியில் அவருடைய வள்ளத்து எஞ்சினுக்கு மூடுதுணியாக இருக்கிறது.

அதே ஆள் போன வாரம் வேறொரு குழுவில், வேறொரு எண்ணில் இருந்து மஞ்சள் நிற விங் ஒன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். 2020 மாடலாம், 50 மணி நேரமாம், ரிசர்வ் ஃப்ரீயாம். சான்றின் போட்டோவும் இருக்கிறது. சீரியல் எண்ணின் மேல் அதே கட்டைவிரல்.