பம்பர் ஃபில்லர் மாற்றக் கொடுக்கிறீர்களா? சாயம் ஏறுவதற்கு முன் துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவரின் கார், 90-களின் ஆரம்பத்து செடான். பம்பருக்கும் பாடிக்கும் இடையில் இருக்கும் ஃபில்லர் துண்டுகள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வெயிலில் காய்ந்து, விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டன. மாற்றித் தரச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டார். நான்கு துண்டுக்கும் சேர்த்து 640 வெள்ளி (ரிங்கிட்), கூலியும் சாயமும் 300 வெள்ளி, ஆக 940 வெள்ளி. பில்லில் எழுதியிருப்பது ஒரே வரி: ‘பம்பர் ரப்பர் 4 பீஸ், ஒரிஜினல், புதுசு.’

எடுத்து வந்த அன்று பளபளவென்றுதான் இருந்தது. ஐந்தே வாரத்தில் நான்கு துண்டிலும் வெடிப்பு. கேட்கப் போனால், “வெயில்ல வெடிச்சிருச்சுங்க ஐயா, பிளாஸ்டிக்னா அப்படித்தான்” என்று பதில். அந்தப் பதில் பொய். நான்கையும் கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்தது இதுதான்.

முன்பக்கம் இரண்டும் புதிய துண்டே இல்லை. உதிர்ந்துகொண்டிருந்த பழைய துண்டின் மேலேயே சாதாரண பாலியெஸ்டர் புட்டியை அப்பி, தேய்த்து, கறுப்புச் சாயம் அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினால் அவித்த உருளைக்கிழங்குத் தோல் போலச் சாயம் உரிந்து வருகிறது. அடியில் மஞ்சள் கலந்த புட்டி, சில இடத்தில் 6 மிமீ கனம். அதற்கும் அடியில் பழைய பிளாஸ்டிக், தொட்டால் தூள். பின்பக்கம் இரண்டும் ஃபைபர்கிளாஸ். திருப்பிப் பார்த்தால் இழை இழையாகத் தெரிகிறது, தடவினால் கை அரிக்கிறது. நட்டு போல்ட்டே போடவில்லை. வெளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பில் நேரே துளைபோட்டு ஏழு திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். துளைக்குச் சாயமோ பிரைமரோ கிடையாது. இடைவெளியை அடைக்கப் புளிக்காடி வாடை வரும் மலிவு சிலிக்கோன். அந்த வாடை அசெட்டிக் அமிலத்தினுடையது, வெறும் இரும்பில் பட்டால் துருவை வரவேற்கும். இரண்டு மழைக்குள் ஒவ்வொரு திருகாணியின் கீழும் செம்மண் கோடு போலத் துரு இறங்கிவிட்டது. 940 வெள்ளி கொடுத்து, நன்றாக இருந்த ஃபெண்டரில் ஏழு ஓட்டை வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். இதுதான் மனதை உறுத்துகிறது. துண்டு போனால் வேறு வாங்கலாம். பாடியில் போட்ட ஓட்டைக்கு வெல்டிங்தான் வழி.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கடைகளில் இதை ‘பம்பர் ரப்பர்’ என்கிறார்கள், ஆனால் இது ரப்பர் இல்லை. பால்மரம் வெட்டி, ஷீட் அடித்துக் காயப்போட்ட ஊர் இது. ரப்பர் எப்படி இழுபடும், எப்படிப் பிசுபிசுக்கும் என்று இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். இந்தத் துண்டுகள் யூரிதேன், பிபி, ஏபிஎஸ் என்ற மூன்று பிளாஸ்டிக் வகையில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அமெரிக்காவில் 1973 மாடல் கார்களிலிருந்து, மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்னால் இடித்தாலும் விளக்கு முதலானவை சேதப்படக் கூடாது என்று சட்டம் வந்தது. இடித்தால் உள்ளே போய் வெளியே வரும் பம்பர்கள் அதனால் பெருகின. பம்பர் நகர இடம் விட்டால் ஓட்டை தெரியும். அந்த ஓட்டையை மூடவும் வேண்டும், இடிக்கும்போது வளைந்தும் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஃபில்லர் வளையும் பொருளில் செய்யப்பட்டது. வளையாத எதை அங்கே வைத்தாலும் அது ஃபில்லர் வேலையைச் செய்யாது, வெறும் மூடிதான்.

யூரிதேன் கெடுவது வெயிலால் மட்டுமல்ல. பாலியெஸ்டர் வகை யூரிதேனை ஈரமும் அரிக்கும், காற்றில் இருக்கும் ஈரப்பசையே போதும். அதனால் பெட்டி பிரிக்காத 25, 30 வருடத்துப் பழைய ஒரிஜினல் என்று யாராவது பெருமையாகக் காட்டினால் உடனே மயங்க வேண்டாம். காரில் ஏறாமலே பெட்டிக்குள் உதிர்ந்துபோன துண்டுகள் உண்டு. வாங்கும் முன் ஓரத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைந்து பழையபடி திரும்பினால் நல்லது. வெள்ளைக் கோடு விழுந்தாலோ, ‘டக்’கென்று சத்தம் வந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். பழைய காரைப் பிரித்துப் பாகம் விற்கும் பொத்தோங் கடையில் எடுக்கும் துண்டுக்கும் இதே சோதனைதான், அங்கே விலை பேசுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

எந்தப் பொருள் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. துண்டின் பின்பக்கம் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே எழுத்து அச்சாகியிருக்கும்: பிபி (PP), ஏபிஎஸ் (ABS), பியூஆர் (PUR, அதாவது யூரிதேன்) என்று. எழுத்து இல்லையென்றால் மறைவான ஓரத்தில் நகத்தளவு சீவி, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு அமுக்கி விடுங்கள். வெறும் பிபி மிதக்கும். ஏபிஎஸ், திட யூரிதேன், ஃபைபர்கிளாஸ் மூன்றும் மூழ்கும். ஊசியைச் சுட வைத்துப் பின்பக்கம் குத்தினால் பிபியும் ஏபிஎஸ்ஸும் உருகி வழிவிடும். ஃபைபர்கிளாஸ் உருகவே உருகாது. இதெல்லாம் சாயம் ஏறும் முன்தான் முடியும். சாயம் ஏறிவிட்டால் நான்கு பொருளும் ஒரே கறுப்பு. ஏமாற்றுகிறவர்களுக்கு அந்தக் கறுப்புதான் துணை. ஆகவே கார் விடும்போதே சொல்லிவிடுங்கள்: “சாயம் அடிக்கறதுக்கு முன்னாடி துண்டைக் கார்ல மாட்டிட்டு எனக்குக் கூப்பிடுங்க, நான் வந்து பார்க்கணும்.” இதற்குச் சம்மதிக்காத பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஃபைபர்கிளாஸே கூடாது என்று சொல்லவில்லை. வாரம் ஒருமுறை வெளியே எடுக்கிற காருக்கு 2.5 அல்லது 3 மிமீ கனத்தில் ஒழுங்காக வார்த்த ஃபைபர்கிளாஸ் துண்டு வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் இடித்தால் வளையாது. ஒன்று அது உடையும், இல்லை ஃபெண்டர் சாயத்தைச் சுரண்டும். புதிதாக வார்த்த துண்டு சில நாள் வெயிலில் கிடந்து சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகே சாயம் காண வேண்டும். அச்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் மெழுகைத் துடைக்காமல் அடித்தால் சாயம் பிடிக்காது. ஃபைபர்கிளாஸ் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம். ஒரிஜினல் என்று எழுதியதுதான் மோசடி.

சரி, ‘வெயிலில் வெடித்தது’ என்ற பதிலுக்கு வருவோம். ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக் அரை மீட்டர் நீளத் துண்டு, 40 டிகிரி சூடு ஏறினால் சுமார் 2 மிமீ நீளும். நம் ஊர் மத்தியான வெயிலில் நிற்கும் கறுப்புத் துண்டுக்கு 40 டிகிரி ஏற்றம் பெரிய விஷயமில்லை. அதே நீள இரும்பு கால் மில்லிமீட்டர்தான் நீளும். பிபி இன்னும் அதிகமாக நீளும். இப்படித் தினமும் நீண்டு சுருங்கும் துண்டை ஏழு திருகாணியால் இறுக்கிக் கட்டினால் அது எங்கே போகும்? திருகாணித் துளையிலிருந்துதான் வெடிக்கும். இந்தக் காரின் பின்பக்கத்து ஃபைபர்கிளாஸ் ஏபிஎஸ் அளவுக்கு நீளாது, ஆனால் வளைந்தும் கொடுக்காது; அதிலும் ஒரு வெடிப்பு தவிர மற்ற எல்லாமே திருகாணித் துளையில்தான் ஆரம்பித்திருக்கிறது. முன்பக்கத்தில் கதை வேறு. பாலியெஸ்டர் புட்டி தகட்டுக்கானது, காய்ந்தால் கல். கீழே இருக்கும் துண்டு அசையும், மேலே இருக்கும் புட்டி அசையாது. வெயில் இல்லாவிட்டாலும், ரயில்வே கேட் மேட்டில் நான்கு முறை ஏறி இறங்கினாலே அது பிளக்கும்.

முறையாகச் செய்வது இப்படி. போல்ட்டுகளில் முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். பெரும்பாலும் 10 மிமீ தலை; அவசரப்பட்டுத் திருகினால் போல்ட் முறியும், பழைய துண்டுக்குள் பதித்திருக்கும் ஸ்டட் சேர்ந்து சுற்றும். பம்பரைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும், ஒரே ஆள் கழற்றினால் ஒரு பக்கம் தொங்கி ஃபெண்டரைக் கிழிக்கும். பம்பருக்குப் பின்னால் உருளை வடிவில் அதிர்ச்சி தாங்கி இருந்தால் அதில் துளை போடவோ, வெல்டிங் வைக்கவோ, சூடு காட்டவோ கூடாது. சிலவற்றில் உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கும், வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

பழைய துண்டு எவ்வளவு உதிர்ந்திருந்தாலும் குப்பையில் போட விடாதீர்கள். உள்ளே இருக்கும் உலோகப் பட்டை, துளைகளின் இடைவெளி, ஓரத்தின் வளைவு எல்லாம் அதில்தான் இருக்கிறது. உதிரும் துண்டை டேப் சுற்றி, அட்டையில் வைத்து வரைந்துகொண்டால் அச்சு கிடைத்துவிடும். உலோகப் பட்டையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர் அடித்துத் திரும்பப் பயன்படுத்தலாம்.

புதுத் துண்டைச் சாயமில்லாமல் மாட்டிப் பாருங்கள். பாடிக்கும் துண்டுக்கும் நடுவே ஒரே சீராக 3 முதல் 4 மிமீ இடைவெளி இருந்தால் போதும். உரசினால் துண்டைத் தேயுங்கள், பாடியை அல்ல. நடுத்துளை மட்டும் வட்டமாக இருக்கட்டும், மற்றவற்றை இரண்டு பக்கமும் 2 மிமீ நீட்டி நீள்வட்டமாக்குங்கள். பெரிய வாஷர் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் முடுக்கி, பிறகு ஸ்பேனரில் கால் சுற்று மட்டும். வாஷருக்குக் கீழே பிளாஸ்டிக் குழிந்தால் அது அதிகம்.

மாட்டிப் பார்த்துச் சரியென்றால் கழற்றித்தான் சாயம் அடிக்க வேண்டும். காரிலேயே வைத்து அடித்தால் மடிப்புக்குள் சாயம் போகாது, உரிவது அங்கிருந்துதான் தொடங்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, 320 எண் தேய்ப்புத் தாளில் தொடங்கி 600-இல் முடித்து, மெழுகு எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். ஏபிஎஸ் துண்டைத் தின்னர் போட்டுத் தேய்க்கவே கூடாது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அன்றைக்கே விழுந்துவிடும். பிபிக்குத் தனியாகப் பிளாஸ்டிக் பிரைமர் மெல்லிசாக ஒரு கை, அது இல்லாமல் பிபியில் எந்தச் சாயமும் நிலைக்காது. சிறு குழிகளை நிரப்ப வளையும் பம்பர் புட்டி தனியாகக் கிடைக்கிறது. யூரிதேன், பிபி இரண்டுக்கும் கிளியரில் (மேலே அடிக்கும் நிறமில்லாப் பூச்சு) வளைவு தரும் கலவை சேர்க்கச் சொல்லுங்கள், டின்னில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் வேண்டாம்.

பில்லில் ‘பம்பர் ரப்பர்’ என்று எழுத விடாதீர்கள். துண்டின் பொருள், புதியதா பழையதா, எண்ணிக்கை, எப்படி மாட்டப்படும், பாடியில் புதுத் துளை இல்லை என்பது, பழைய துண்டு திருப்பித் தரப்படும் என்பது, எல்லாம் எழுத்தில் வரட்டும். பட்டறை கை விரித்துவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், முதலாம் பாரத்துக்குக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பில், தேதியோடு படங்கள், வேறொரு பட்டறையின் எழுத்துப்பூர்வ மதிப்பீடு, கழற்றிய துண்டுகள் ஆகியவை கையில் இருக்க வேண்டும்.

கிராணி ஐயாவின் நான்கு துண்டும் பில்லோடு ஒரே பையில் கட்டி வைத்தாயிற்று. முன்பக்க இடது துண்டு குறுக்கே உடைந்திருக்கிறது. உடைந்த முகத்தில் பழைய பிளாஸ்டிக், மஞ்சள் புட்டி, கறுப்புச் சாயம் மூன்றும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. நடுவர் மன்ற மேசையில் முதலில் வைக்கப் போவது அதைத்தான்.