வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த நர்சரி: எங்கள் அரிக்கா பாமுக்குத் தொட்டி மாற்றிய அனுபவம்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. 2021 ஊரடங்கு சமயத்தில் 350 ரூபாய்க்கு வாங்கிய அரிக்கா பாம் பால்கனியில் என் தோள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. போன ஆடியில் அதற்குத் தொட்டி மாற்றிக் கொடுத்தது மேடவாக்கம் போகும் வழியில் சாலையோரம் இருக்கும் சின்ன நர்சரி. தகரக் கூரை, வாசலில் நீல டிரம், பெயர்ப் பலகைகூடக் கிடையாது. வீட்டுக்கே வந்து தொட்டி மாற்றித் தருவார்கள் என்பது பலருக்குத் தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முதலில் போனது மே மாதம், கத்திரி வெயிலில். தண்ணீர் ஊற்றினால் மண்ணில் நிற்காமல் அடித்தட்டுக்கு ஓடி வந்துவிடும். கீழே ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தது. பிளாஸ்டிக் தொட்டி ஒரு பக்கம் புடைத்தே போயிருந்தது. போனில் படம் காட்டினேன். கடைப் பெரியவர் பார்த்துவிட்டு, "இடம் பத்தலைதான்மா. ஆனா இப்போ கை வைக்க வேணாம். வேர் அசைஞ்சா இந்த வெயிலுக்குத் தண்ணி இழுக்காது, ஓலை காஞ்சிடும். ஆடி பொறக்கட்டும், வாங்க" என்றார். அதுவரை நிழலில் வைத்து, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடச் சொன்னார். தேடி வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிறாரே என்று இருந்தது.

அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பெரிசு என்றால், அதற்கு முந்தின வருஷம் இதே மே மாதத்தில் ஆன்லைனில் பதிவு செய்து வேறொரு சேவைக்காரர்களை வரவழைத்திருந்தேன். இன்னொரு பாம், அம்மா கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாங்கித் தந்தது. வந்த பையன்கள் வேரில் இருந்த மண் முழுவதையும் பைப்பால் கழுவினார்கள், நீண்டிருந்த வேர்களைக் கத்தரித்தார்கள், இருபதே நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். மூன்று வாரத்தில் குருத்து பழுத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பாமில் ஒரு தண்டுக்கு உச்சியில் ஒரே குருத்துதான். அது போனால் அந்தத் தண்டு பக்கத்தில் துளிர்த்துப் பிழைக்காது. ஒவ்வொரு தண்டாகப் போய், ஆடி வருவதற்குள் தொட்டி காலி. இன்றைக்கும் அந்த மூலையைப் பார்த்தால் மனசு கனக்கும்.

சரி, ஆடி முதல் வாரம் போன் செய்தேன். காலை ஒன்பதுக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றரைக்கு வந்தார். அதற்குள் நான் 18 அங்குலத் தொட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். இனி நாலைந்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்ற எண்ணம். அதையும் வேண்டாம் என்றார். பழைய தொட்டி 10 அங்குலம், 12 போதுமாம். வேர் எட்டாத மண்ணில் ஊற்றுகிற தண்ணீரைக் குடிக்க ஆள் இல்லை. அது அப்படியே ஈரமாகக் கிடந்து வேரை அழுக வைக்கும். பாமுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் பிடிக்கும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஒரு சுற்று பெரிசாக மாற்றினால் போதும் என்றார். ஆட்டோவிலேயே 12 அங்குல மண் தொட்டி கொண்டுவந்திருந்தார். என்னைக் கேட்காமலே சரியாகக் கணித்து எடுத்து வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் நடந்ததை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். செடியைப் பிடித்து இழுக்கவே இல்லை. தொட்டியைப் படுக்க வைத்து உருட்டித் தட்டிப் பார்த்தார், வரவில்லை. உடனே ரம்பத் தகட்டை எடுத்துத் தொட்டியை மேலிருந்து கீழாக இரண்டு பக்கமும் அறுத்துத் தோல் உரிப்பது போல் பிரித்தார். உள்ளே வேர் நூல்கண்டு மாதிரி சுற்றிக் கிடந்தது. நடுவில் விரலை விட்டவர், "இங்க பாருங்கம்மா" என்று என் கையையும் பிடித்து வைத்தார். செங்கல் மாதிரி ஒரு மண் உருண்டை. ஆந்திராவில் கடியத்திலிருந்து லாரியில் வருகிற செடிகளுக்கு ஒட்டுகிற செம்மண்ணில் பந்து கட்டித்தான் அனுப்புவார்களாம். நாலு வருஷமாக நான் ஊற்றிய தண்ணீர் அந்த உருண்டைக்குள் போகவே இல்லை, அதைச் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. தண்ணீர் நிற்காததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அதை அவர் உடைக்கவில்லை. வாளித் தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊறப் போட்டு, விளக்குமாற்றுக் குச்சியால் ஓரமாகக் குத்திக் குத்திக் கரைத்தார். பாதி கரைந்ததும் போதும் என்று நிறுத்திவிட்டார். கறுத்து அழுகின இரண்டு வேரைத் தவிர எதிலும் கத்தி படவில்லை. கொத்தைப் பிரித்து இரண்டு செடியாக்கலாமா என்று கேட்டேன். அதற்கும் வேண்டாம்தான்: "எல்லா வேரும் ஒண்ணோடு ஒண்ணு பின்னிக் கிடக்கு. பிரிச்சா ரெண்டும் போயிடும்."

கலவையில் தென்னை நார்த்தூள், செம்மண், மண்புழு உரம், ஆற்று மணல், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும் என்று எங்கள் வீட்டிலேயே இரண்டு தடவை அலசிப் பிழிந்துதான் சேர்த்தார். அடியில் ஜல்லி போடவில்லை, ஓட்டை மேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்ததோடு சரி. தண்டில் பழைய மண் எந்த இடம் வரை இருந்ததோ அதே மட்டத்துக்குத்தான் புது மண்ணும். ஆழமாகப் புதைத்தால் ஆடாமல் நிற்குமே என்றதற்கு, தண்டு அழுகும் என்றார். விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் தண்ணீருக்கு விட்டார்.

பழைய தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டிக் காட்டி, என்ன தண்ணீர் விடுகிறீர்கள் என்று கேட்டார். ஆர்ஓ மெஷினில் கழிவாக வருகிற தண்ணீர் என்றேன். எங்கள் அபார்ட்மெண்டில் பாதி வீடுகளில் செடிக்கு அதைத்தான் ஊற்றுகிறோம். வடிகட்டின உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தானே இருக்கிறது! ஓலை நுனி கருகுவதற்கு வெயிலைத்தான் இத்தனை நாள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மழைத் தண்ணீரும் ஏசியில் சொட்டுகிற தண்ணீரும் பிடித்து வைத்து ஊற்றுகிறேன், புது ஓலைகளில் நுனி பச்சையாகவே இருக்கிறது.

சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்று. அரிக்கா பாம் நம் பாக்கு மரம் இல்லை, மடகாஸ்கர் தீவின் செடி. ஆனால் அரிக்கா என்ற பெயர் நம் பக்கத்து அடைக்காய்தான், போர்ச்சுகீசியர் மலையாளக் கரையில் கேட்டு எடுத்துப் போனது. இதைச் சொன்னதும் பெரியவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

குறைகளும் உண்டு. தாமதமாக வந்ததைச் சொல்லிவிட்டேன். பால்கனித் தரையைக் கூட்டிவிட்டுப் போனாரே தவிர கழுவவில்லை, செம்மண் கறையை நான்தான் தேய்த்தேன். மண் தொட்டிக்கு அடித்தட்டு கொண்டுவரவில்லை. கூலி 400, தொட்டி 380, கலவை 250, ஆட்டோ 120, மொத்தம் 1,150 ரூபாய். ஆன்லைன்காரர்களைவிட அதிகம்தான், ஆனால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தார். நான் கொடுத்திருப்பது 5க்கு 4 நட்சத்திரம். குறைத்த ஒன்று அந்த இரண்டரை மணி நேரக் காத்திருப்புக்கு.

ஒன்றரை மாதத்துக்கு உரம் கூடாது, மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர், மேற்கு வெயில் படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ் ஓலை இரண்டு மஞ்சளாகும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். பத்தாவது நாள் அதே மாதிரி மஞ்சளானது. முழுசாகக் காய்கிற வரை வெட்டக் கூடாதாம், அதில் மிச்சமிருக்கிற சத்தைச் செடி உறிஞ்சிக்கொள்ளுமாம். ஆவணி இரண்டாம் வாரம் நடுத்தண்டில் ஈட்டி மாதிரி ஒரு குருத்து கிளம்பியது. படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், உடனே போன் வந்தது.

அழைப்பதாக இருந்தால் புரட்டாசிக்குள் அழையுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் புது மண் காயாது என்று அவர் எந்தத் தொட்டியையும் தொட மாட்டார். தை முடிய வேண்டும்.